பொண்ணுக்குப் போடாத மூக்குத்தி

மாப்ளே, நீ கேமரா வாங்கின சேதி எனக்கு வந்து சேரறதுக்குள்ள கொழிஞ்சாம்பாறை டீக்கடைக்கு வந்து உக்காந்துக்கிச்சு. மறையூர்ல இருந்து சின்னாறு காட்டைத் தாண்டி, உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ் மாறிக் கோயமுத்தூருக்கே போயி வாங்கியிருக்கறே. சந்தோசம். அதைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீ நிக்கற படமும் ஊரெல்லாம் சுத்துது. அந்தப் படத்தை எடுத்தது பழைய போனுங்கறதுதான் எனக்கு வெசனம்.

இப்ப மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, “மாமா, படமெல்லாம் மங்கலா விழுகுது, மெசினு ஃபால்ட்டுங்”கறே. சேரி, கொண்டா பாப்பம்னு வாங்கிப் பாத்தா, லென்ஸோட முன்கண்ணாடியில நட்டநடுவுல சந்தனம். அதுக்கு மேல குங்குமம். ஷட்டர் பட்டன் இடுக்குலயும் கொஞ்சம் காஞ்சு ஒட்டியிருக்குது. மறையூர்ல சந்தனத்துக்குப் பஞ்சமில்லை, காட்டிலாகா வேலி போட்டுக் காவல் காக்கற அளவுக்கு வெளையுது. அதுக்காக, பூசை போடறேன்னு கேமராவுக்குக் கண்ணு மேலயே பொட்டு வெப்பியா? இந்தக் கோலத்துல சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தீன்னா அவனுக்குக் கொண்டாட்டம். ‘வெளிப்பொருள் பட்டிருக்குது, வாரண்டி செல்லாது’ன்னு ஒத்தை வரி எழுதிக் கையில குடுத்திருப்பான்.

அதனால, எது மெசினோட குத்தம், எது உன் குத்தம்னு மொதல்ல பிரிச்சுக்கோ. ஏசி மண்டபத்துல இருந்து மழை விட்ட புழுக்கத்துக்குள்ள சட்டுனு வந்து நின்னா கண்ணாடியில நீர் கோத்துக்கத்தான் செய்யும். ஒரு பிளாஸ்டிக் கவருல கட்டிக் கொஞ்ச நேரம் வெச்சு, அது சூட்டுக்குப் பழகின பொறவு எடு. உங்க மறையூரு மழைமறைவு ஊரு, பொழைச்சே. மூணாறுல உன்ற சித்தப்பன் வீட்டுப் பீரோவுல ஆடி மாசம் பூரா பூட்டி வெச்சியானா லென்ஸுக்குள்ள பூஞ்சாணம் நூல் நூலாப் படர்ந்திருக்கும். கம்பெனிக்காரன் அதையெல்லாம் ஏத்துக்க மாட்டான். சிலிக்கா ஜெல் பொட்டணம் பத்து ரூவா சமாச்சாரம், அதுக்குக் கணக்குப் பாக்காதே. படமே பதியலைன்னாக்கூட, முந்தி மெமரி கார்டை மாத்திப் பாரு. ரோட்டோரத்துல பாதி விலைக்கு வாங்கின கார்டுன்னு எனக்குத் தெரியும், மூஞ்சியைத் திருப்பாதே.

ஆனா மாப்ளே, சந்தனத்தைத் தொடைச்ச பொறவும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சே, அதைத்தான் நான் சும்மா விடறதா இல்லை. விடியக்கால முகூர்த்தத்துல நீ எடுத்த படம். பொண்ணு மூக்குல ஒரு மூக்குத்தி மினுங்குது. அந்தப் பொண்ணு மூக்கே குத்தலைன்னு அவங்கம்மா சத்தியம் பண்றா. அடுத்த படத்தைத் தள்ளினா அதே மூக்குத்தி நாதஸ்வரக்காரரு காதுல கடுக்கனா நிக்குது. அதுக்கடுத்ததுல பந்தக்கால்ல போயி உக்காந்திருக்குது. ஆளு மாறுது, எடம் மாறலை. அப்பவே புரிஞ்சுக்கணும், அது சென்சார்ல இருக்கற புள்ளி. இருட்டுல, ஐஎஸ்ஓவை ஏத்தி எடுக்கறப்பத்தான் மினுங்கும். பகல்ல பதுங்கிக்கும்.

இதை வீட்டுலயே சோதிக்கலாம். லென்ஸுக்கு மூடி போட்டு, ஷட்டரைப் பத்து செகண்டு தொறந்து விட்டு, ஒரு கறுப்புப் படம் எடு. கம்ப்யூட்டர்ல போட்டு முழு அளவுல பெருசாக்கிப் பாரு. செவப்பும் நீலமுமாப் புள்ளி தெரிஞ்சா அதுதான் ஆளு. லட்சோப லட்சம் பிக்சல்ல ஒண்ணு ரெண்டு இப்படி அடங்காம நிக்கறது எல்லாக் கம்பெனியிலயும் உண்டு. சில கேமராவுல மெனுவுலயே பிக்சல் மேப்பிங்னு வெச்சிருப்பான், அமுத்தினாத் தானே மறைச்சுக்கும். இல்லாததுக்குச் சர்வீஸ்ல பண்ணித் தருவாங்க. இதுக்குப் போயி கோர்ட்டுப் படி ஏறாதே.

தூசிக்கு வேற சோதனை. வெறும் வானத்தை எஃப் 16, 22ன்னு துவாரத்தைச் சுருக்கி எடு. மங்கலாக் கறுப்புப் பொட்டு விழுந்தா, லென்ஸை மாத்தி இன்னொண்ணு எடு. பொட்டு அதே எடத்துல நின்னா சென்சார் மேல தூசி.

உன்ற கேமராவுல நான் கண்டுபுடிச்ச நெசமான நோவு ஃபோகஸ். கண்ணுக்கு வெச்சாக் காதுல போயி நிக்குது. நியூஸ்பேப்பரைச் சாய்வா ஒட்டி, நடுவுல பேனாவுல ஒரு கோடு போட்டு, ஸ்டாண்டுல கேமராவை நிறுத்தி, துவாரத்தை முழுக்கத் தொறந்து, கோட்டுக்கு ஃபோகஸ் வெச்சு எடுத்தேன். கோடு மங்கல், அதுக்குப் பின்னால இருந்த நகைக்கடை வெளம்பரம் பளிச்சுன்னு நிக்குது. பின்னால இருக்கற ஸ்கிரீன்ல லைவ் வியூ வெச்சு எடுத்தாச் சரியா விழுகுது, மேல கண்ணு வெச்சு எடுத்தாத் தப்புது. இன்னொரு லென்ஸ் மாட்டினாலும் அதே கதை. உள்ளுக்குள்ள மிர்ரர் கண்ணாடி வெச்ச கேமராவுல வர்ற வியாதி இது. கொறை பாடியில, லென்ஸுல இல்லை. அந்தப் படத்தை எல்லாம் அழிச்சுப் போடாதே, தேதியோட அப்படியே இருக்கட்டும்.

இதைக் கடைக்காரன்கிட்டச் சொன்னதுக்கு, “இவ்வளவு பெரிய கம்பெனி தப்பாச் செய்வானா, உனக்கு எடுக்கத் தெரியலை”ன்னானாமா. நீயும் தலையாட்டிட்டு வந்துட்டே. பெரிய கம்பெனி தப்பே செய்யாதுன்னா 2005 அக்டோபர்ல நடந்தது என்ன? சோனி செஞ்ச சிசிடி சென்சாரு சூடும் ஈரமும் சேர்ந்த ஊருகள்ல உள்கம்பி விட்டுப் போயி, படம் கோணிக்கிட்டோ ஒண்ணுமே தெரியாமலோ போச்சு. அதையே வாங்கி மாட்டியிருந்த கேனான், நிகான், பியூஜி, கோனிகா மினோல்டா எல்லாரும் வாரண்டி முடிஞ்சவங்களுக்குக்கூடச் சும்மா மாத்திக் குடுத்தாங்க. சூடும் ஈரமும்னா அது நம்ம பாலக்காடுதான், வேற எங்க?

2012ல வந்த நிகான் டி600 ஷட்டர் ஓட ஓட சென்சார் மேல பொட்டுப் பொட்டா விழுந்துச்சு. அடுத்த வருசமே டி610ன்னு ஒண்ணை எறக்கி விட்டாங்க. 2014ல சீனாவுல டிவியில நாறின பொறவு டி600ஐக் கடையில இருந்தே எடுக்க வேண்டி வந்துச்சு. சும்மாத் தொடைச்சு, ஷட்டரையும் மாத்தித் தர்றோம்னு கம்பெனி எறங்கி வந்ததும் அந்த வருசம்தான். கேனான் 5டி மார்க் 3 இன்னும் வேடிக்கை. இருட்டுல மேல்பக்க டிஸ்பிளே லைட்டைப் போட்டா அந்த வெளிச்சம் உள்ள கசிஞ்சு மீட்டரைக் கெடுக்குது. பிரிச்சுப் பாத்தவங்க சொன்னது, கம்பெனி பண்ணின வைத்தியம் உள்ளுக்குள்ள ஒரு கறுப்பு டேப்பு! லட்ச ரூவாய்க்கு மேல வித்த சாமான், மாப்ளே.

இனி உன்ற பங்கு. வாணியங்குளம் சந்தையில மாடு புடிக்கறவன் பல்லைப் பாக்காம, நாலு எட்டு நடத்திப் பாக்காம கயித்தைத் தொட மாட்டான். நீ பெட்டியைக்கூடக் கடையிலயே போட்டுட்டு வந்திருக்கறே, பஸ்ல எடம் இல்லைன்னு. பெட்டியில இருக்கற சீரியல் நம்பரும் கேமரா அடியில இருக்கற நம்பரும் பில்லுல எழுதின நம்பரும் ஒண்ணா இருக்கணும், வாரண்டி கார்டு இந்தியாவுல செல்லறதா இருக்கணும். நாளைக்கே ஆளை விட்டுப் பெட்டியை எடுத்தாரச் சொல்லு.

பில்லாவது இருக்குதே, அந்த மட்டுக்கும் தப்பிச்சே. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்றதுக்கு முந்தி வாளையாறு செக்போஸ்ட்டுக்குத் தப்பி, வேலந்தாவளம் பக்கம் ஊடுவழியில பில்லில்லாம டிவி தூக்கிட்டு வந்த ஆளுங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும். அது நான் இல்லை, சிரிக்காதே. பில் குடுக்கலைன்னாலே கடைக்காரன் மேல தப்புங்குது 2019ஆம் வருசத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

அந்தப் பில்லுக்கு அடியில ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ன்னு அச்சடிச்சிருக்கானே, அதைப் படிச்சுட்டுத்தான் நீ பயந்து போயிட்டே. கொறையுள்ள சாமானைத் திரும்ப எடுத்துக்கிட்டுக் காசு தர மாட்டேங்கறது முறையற்ற வணிகம்னு அதே சட்டம் சொல்லுது. பில்லுல கெடு போட்டிருந்தா அதுக்குள்ள, இல்லைன்னா 30 நாளுக்குள்ள. அதனால நாளைக் கடத்தாதே. போன்ல பேசறதை நிறுத்திப்போட்டு ஈமெயில் அனுப்பு. சர்வீஸ் சென்டருக்குக் குடுத்தா, என்ன நோவுன்னு எழுதின ஜாப் ஷீட்டை வாங்கிக்கிட்டு வா. யூடியூப் பாத்துத் திருப்புளியை எடுத்தீன்னா கையை ஒடிச்சுப் போடுவேன்.

அப்பவும் மசியலைன்னா 1915க்குக் கூப்பிடு, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோயமுத்தூருக்கு அலையணுமேன்னு நெனைக்காதே. பழைய சட்டத்துல கடைக்காரன் ஊருக்குத்தான் ஓடணும், புதுசுல நீ குடியிருக்கற எடத்துலயே போடலாம். இடுக்கி ஜில்லாவுல நீ மனுப் போட்டா அவன் மலையேறி வரட்டும், மூணாறு பாத்த மாதிரியும் ஆச்சு. அஞ்சு லட்சம் வரைக்கும் பொருளுக்குக் கட்டணமே கெடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு வருசம் டைம் இருக்குது, ஆனா உன்னைப் பத்தித் தெரியும், உனக்கு ரெண்டு வாரமே எச்சு.

ஒண்ணு மட்டும் சூதானமாப் பேசு. அவங்க வக்கீலு, “நீ கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கறவன், வியாபாரத்துக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லை”ம்பாரு. சொந்த ஒழைப்புல வயித்துப் பொழைப்புக்கு வாங்கினா நுகர்வோர்தான்னு சட்டத்துலயே விளக்கம் இருக்குது. அங்க போயி, “எனக்குக் கீழ ஆறு பேரு வேலை செய்யறாங்க, ஸ்டூடியோ மொதலாளி நானு”ன்னு டீக்கடையில அளக்கறதை அளந்து வெக்காதே. கொறையை நாமதான் காட்டணும். தேவைப்பட்டா கேமராவை முத்திரை போட்டு லேபுக்கு அனுப்பிப் பாக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சந்தனத்தைச் சுத்தமா எடுத்துப்போட்டுக் குடு.

ஆணையத்துல இருந்து நோட்டீஸ் போன மறுநாளே கடைக்காரன் உனக்குப் போன் பண்ணுவான் பாரு. குரல்ல தேன் வடியும். “தம்பி, நமக்குள்ள என்ன, ஒரு பையும் ஸ்டாண்டும் சும்மாத் தர்றேன், ரெண்டாயிரம் கையில தர்றேன், முடிச்சுக்கலாம்”பான். உடனே பல்லைக் காட்டாதே. “சேரிங்ணா, எதுக்காகத் தர்றீங்கன்னு அதையே மெயில்ல போட்டுடுங்க”ன்னு மட்டும் சொல்லு. போட்டான்னா பையை வாங்கப் போகாதே, அந்த மெயிலை அச்செடுத்து மனுவோட பின் பண்ணிடு.