ஏணி ஸ்டோர்ஸில் இருக்கிறது

52 வயதில் வேலை போனால் ஒரு சௌகரியம். பால் வாங்க யார் போவது என்ற சண்டை வீட்டில் ஓய்ந்துவிடும்.

22 வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்த கம்பெனி, ஆள் குறைப்பு என்று சொல்லி என்னைக் கேக் வெட்டி அனுப்பியது. "அடுத்து என்ன?" என்றாள் மனைவி. "மூணு கன்சல்டன்சியில பயோடேட்டா கொடுத்தாச்சு" என்றேன், சட்டையை இஸ்திரிக்குப் போட்டுவிட்டு வந்தவன் தோரணையில்.

போன் வராமல் இல்லை. கரண்ட் சிடிசி என்ன, எக்ஸ்பெக்டட் சிடிசி என்ன, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு சார் என்று வரிசையாகக் கேட்டார்கள். "இப்பவே கிளம்பினா இருபது நிமிஷம்மா" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஏதோ டைப் அடித்துக்கொண்டாள்.

கம்பெனி பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள். காரணம் உண்டு. ஆள் சேர்ந்தால் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கம்பெனி இவர்களுக்குக் கொடுக்கும் என்பது அந்தத் தொழிலில் பரவலான கணக்கு. போனஸ் சட்டத்தின் குறைந்தபட்ச விகிதமும் இதே 8.33தான். நான் வருஷமெல்லாம் போல்ட் நட்டு எண்ணி வாங்கும் போனஸை, என்னை வாசலுக்குள் தள்ளிவிட்ட புண்ணியத்துக்கு கன்சல்டன்சிக்காரர் வாங்கிக்கொள்வார். பெயர் தெரிந்தால் நான் நேரே போய்விடமாட்டேனா? பெண் வீட்டு விலாசத்தைத் தரகர் ஒளித்து வைக்கும் கதைதான்.

ஒருநாள் அமோகமான அழைப்பு. "அம்பத்தூர் பக்கம் சார், நல்ல கம்பெனி, ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். கேன்டீன் உண்டு. வெள்ளிக்கிழமை கேசரி போடுவாங்களாம்."

அந்தக் கேசரியை நான் 22 வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். அதே நாற்காலி, அதே மின்விசிறி. சம்பளம் மட்டும் முக்கால்வாசி.

மனைவி சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. "ஏங்க, அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு தொங்குதே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? வாசலில் போய் நிற்கத்தான் கூச்சம். 1994-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, கடிதம் வரும் என்று காத்திருந்தவன் நான். 25 பேருக்குக் குறையாமல் வைத்து வேலை வாங்கும் தனியார் நிறுவனம் காலியிடத்தை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் போட்டார்கள். தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. இந்தக் கடைசி வரி எனக்குத் தெரிவதற்குள் தலை நரைத்துவிட்டது.

கூச்சத்தை விட்டு, விசாரணையை டீக்கடையில் ஆரம்பித்தேன். "மூணாவது சந்துல வால்வு கம்பெனிக்குப் போங்க சார். பத்து நாளா நைட்டு நாப்பது டீ கூடக் கேக்குறாங்க. பெரிய ஆர்டர் வந்திருக்கு" என்றார் மாஸ்டர். இந்தத் துப்பு எந்த கன்சல்டன்சியிலும் கிடைக்காது.

வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தார். முதலாளியே எழுந்து வந்தார். உட்கார்ந்ததும் இளநீர் வந்தது. பாதி குடித்த பிறகுதான் "பி.எஃப். ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்காக் கட்டியிருக்கோமே சார்" என்றார். வேலை கேட்டு வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் இளநீரைப் பார்த்தார். வெட்டிய காயை என்ன செய்வது?

மரியாதைக்கு என் நான்கு பக்க பயோடேட்டாவைப் புரட்டினார். ஸ்டோர்ஸ் பார்த்தேன் என்று நான் எழுதிக் கொடுத்ததை கன்சல்டன்சி மெருகேற்றி 'சப்ளை செயின் லீடர்' ஆக்கியிருந்தது.

"நாங்க வால்வுதான் பண்றோம். செயின் பண்றதில்லை."

மிச்ச இளநீரை உறிஞ்சாமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டில் போர்டு ஆடிக்கொண்டிருந்தது: 'ஆட்கள் தேவை. சிஎன்சி ஆபரேட்டர், ஹெல்பர், பேக்கிங்.' ஆள் வேண்டாமென்றால் இதைக் கழற்றக் கூடாதா என்று வாட்ச்மேனிடம் எரிந்து விழுந்தேன்.

"அது போன தீபாவளிக்கு மாட்டினது சார். கழட்ட ஏணி வேணும். ஏணி ஸ்டோர்ஸ்ல இருக்கு. ஸ்டோர்ஸ்ல ஆள் இல்ல."

திரும்பி உள்ளே போனேன். "ஸ்டோர்ஸ்காரர் நின்னு மூணு வாரமாச்சு. கன்சல்டன்சியில சொல்லியிருக்கோம், இன்னும் ஒருத்தனையும் அனுப்பல" என்று முதலாளி அலுத்துக்கொண்டார். ஃபைலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் ஸ்டோர்ஸ்தான் சார் பார்த்தேன்" என்றேன்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பேக்கிங்குக்கு இப்போது இரண்டு பேர் தேவை. புதுப் போர்டு எழுதி வந்துவிட்டது. ஏணியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் நேரில் வரச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், இளநீர்ச் செலவு ஸ்டோர்ஸ் கணக்கில் ஏறுகிறது.