வீட்டோடு மாப்பிள்ளை

இத்தாலியின் சிசிலித் தீவு, பலேர்மோ நகரம். அங்கே வின்சென்சோ ஃப்ளோரியோவுக்கு என்ன குறை? டூனா மீன், மர்சலா ஒயின், கப்பல் என்று குடும்பத்தில் காசு கொட்டியது. மனுஷனுக்குப் பிடித்ததோ கார் பைத்தியம். 1906-ல் பக்கத்து மதோனியே மலைப்பாதையில் ஒரு ரேஸ் வைத்தார். பெயர்? ‘தார்கா ஃப்ளோரியோ’! (கூச்சமா? அப்படியென்றால்?)

புறப்பட்டவை பத்து கார்கள். ஜெயித்த கான்யோ 446 கி.மீ.யை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தார். நம்மூர் மொஃபசல் பஸ் டிரைவர் கேட்டால் சிரிப்பார். அதைவிடக் கூத்து, ஜெயித்த கார் வடக்கே டுரினில் செய்தது.

தூசி எங்களுக்கு, காசு டுரினுக்கா? சிசிலிக்காரர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் பொருமினார்கள். ஒருவழியாக 1970-ல் டுரினின் ஃபியட்டையே வீட்டோடு மாப்பிள்ளையாக்கினார்கள். ரேஸ் பாதைக்குப் பக்கத்திலேயே, தெர்மினி இமெரேசேயில் ஆலை. தீவின் அரசே பங்குதாரர். சீர்வரிசை பலம்!

ஒரே சிக்கல், நடுவில் கடல். உதிரிபாகம் கப்பலேறி வரணும். முழுக் காராகித் திரும்பக் கப்பலேறிப் போகணும். பாலம்? வாக்குறுதிகளில் மட்டும் பலமுறை கட்டியாகிவிட்டது. வானர சேனைக்கு டெண்டர் விட்டிருக்கலாம்.

குட்டிக் கார் ஃபியட் 500-இன் கடைசி வண்டி, 1975-ல் இந்த ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. 2007-ல் அதே பெயருக்கு மறுபிறவி. பிரசவம் பார்த்தது போலந்து!

(நம் பம்பாயிலும் ஃபியட்டுக்கு ஒரு சம்பந்தம் உண்டு. அங்கே அது ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, கடைசிவரை டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்தியது.)

இதற்கிடையில் ஃபியட்டின் தலைமைக்கு வந்திருந்தார் செர்ஜியோ மார்க்கியோன்னே. பிரதமரைப் பார்க்கப் போனாலும் அதே கறுப்பு ஸ்வெட்டர். கணக்குப் போட்டார்: சிசிலியில் செய்தால் காருக்கு 1,000 யூரோ கூடுதல் செலவு. அடடா, என்ன கண்டுபிடிப்பு! கடல் 1970-லும் அங்கேதானே இருந்தது? 2011 முடிவில் மாப்பிள்ளை பெட்டியைக் கட்டினார்.

அடுத்த வரன், சீன உதிரிபாகங்களைப் பூட்டிக் கார் விற்கும் டி.ஆர். மோட்டார். நிச்சயதார்த்தத்தோடு சரி. அதற்கடுத்த புளூடெக், எலெக்ட்ரிக் கனவு காட்டியது. ஆலையில் உற்பத்தியான ஒரே மின்சாரம் அந்தப் பேச்சில்தான். மானியப் பணம் எங்கே என்ற கேள்வி எழ, 2019-ல் கம்பெனியை நீதிமன்றம் முடக்கியது. தொழிலாளிகள் வருஷக்கணக்கில் அரசு தந்த உதவித்தொகையில் காத்திருந்தார்கள்.

2024-ல் ஒரு ஆஸ்திரேலிய மாப்பிள்ளை கிடைத்தார், பெல்லிக்ரா. கட்டடத் தொழில், பூர்வீகம் சிசிலி, பேஷ்! ஜாதகத்தில் ஒரே ஒரு தோஷம்: அவர் கத்தானியா ஃபுட்பால் கிளப்பின் முதலாளி. பலேர்மோ ரசிகர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லுமுன், ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.