புள்ளி வைத்த இலக்கியம்

முனைவர் பட்டத்துக்கு எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்'. பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்ததும், பி.காம். முதலாண்டுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பது. ஆங்கிலப் பேராசிரியரின் பயணம் இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்தது பதவி உயர்வு. அதற்கு 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏபிஐ என்ற புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. அதன்பின் ஆய்வுக் கட்டுரையை யாரும் படிக்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும். காசு கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள் மளமளவென்று முளைத்தன. களையெடுக்க, ஏற்கத்தக்க இதழ்களின் 'கேர்' பட்டியல் வந்தது. 2025-ல் அதற்கும் விடை கொடுத்தாயிற்று. (களைகளுக்கு ஆயுசு கெட்டி.)

மிச்சப் புள்ளிக்குக் கருத்தரங்கு இருக்கிறது. பின்காலனியத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே கொதித்துவிட்டு, மதியப் பிரியாணிக்கு முன்பே சான்றிதழை வாங்கிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.