சித்தன்னவாசலில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும் காலம்: ஓர் ஆய்வு

பழைய வாழ்க்கையைக் கண்ணால் பார்க்க உலகம் ஏகப்பட்ட செலவு செய்கிறது. 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தி, அந்தக்கால உடையில் ஆட்களையும் நடமாடவிட்டார். முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் 1996 முதல் செட்டிநாட்டு வீடு அப்படித்தான் நிற்கிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையில்லை. நகரத்திலிருந்து 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் மலை இருக்கிறது. நடமாடும் ஆட்களை வேனில் நாமே கொண்டுபோய்விடுகிறோம்.

ஆய்வுக்குரிய சிக்கல் இதுதான்: புளியோதரையை மலையேறுமுன் பிரிப்பதா, இறங்கியபின் பிரிப்பதா? சித்தப்பா தலைமையிலான முன்னுண்போர் பள்ளி, “வெறும் வயித்தோட ஏறுனா கெறக்கம் வரும்” என்று வாதிடும். அத்தை வழிவந்த பின்னுண்போர் பள்ளியோ, “தின்னுட்டு ஏறுனா எவன் ஏறுவான்?” என்று ஒரே வரியில் அதை மறுக்கும். தரவுகள் அத்தை பக்கமே சாய்கின்றன. முன்னுண்டவர்களில் பெரும்பாலோர் ஏழடிப்பட்டத்தைக் கண்டதாகச் சான்றில்லை. பாறையில் செதுக்கிய ஏழு படிகளால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சித்தப்பாவுக்கு முதல் படியே கடைசிப் படி.

இந்த வழக்கு எந்த இடத்தில் நடக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஏழடிப்பட்டம் சமணத் துறவியர் உண்ணாநோன்பிருந்து உடலை நீத்ததாக மரபு சொல்லும் குகை. சமண நெறி கிழங்கை விலக்குகிறது, முட்டையை விலக்குகிறது, பொழுது சாய்ந்தபின் உணவையே விலக்குகிறது. நம் வாளியில் புளியோதரைக்கு அடுத்த தட்டில் உருளைக்கிழங்கு வறுவல். அதற்கும் அடியில் அவித்த முட்டை. மூன்றாவது விலக்கை மட்டும், இருட்டுமுன் கிளம்பவேண்டியிருப்பதால், நாமும் கடைப்பிடிக்கிறோம்.

அந்தக் குகையிலுள்ள கற்படுக்கைகளில் பெரியதன் மேல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு என்று பொதுவாகக் கணிப்பார்கள். எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். அடிவாரத்து மரநிழலில் வாளிக்குக் காவலிருக்கும் அப்பத்தா, பக்கத்து விரிப்புக்காரர்களிடம் கேட்பதும் இதையேதான்: “எந்த ஊரு? யாரு வீட்டு வகையறா?” கல்லில் வெட்டியவரும் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஊரையும் ஆளையும் முதலிலேயே சொல்லிவிட்டார் என்று கருத இடமுண்டு. ஊர் பேர் தெரியாதவரை உட்காரவைக்கும் வழக்கம் நம்மிடம் என்றுமே இருந்ததில்லை.

இதே மலையில் உள்ள அறிவர்கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்து ஓவியத்தை அவசரமில்லாமல் பார்க்கவேண்டும். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தலைக்குமேல் ஒரு தாமரைக்குளம். இலைகளுக்கிடையே மீன்கள், வாத்துகள், யானை, எருமை. கையில் பூவும் தண்டுமாக ஆட்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த அத்தை, பல புலவர்கள் சொல்லாததைச் சொன்னார்: “சித்திரை மாசத்துலயும் தண்ணி கெடக்குற கொளம் நம்ம ஜில்லாவுல இது ஒண்ணுதான்.” ஏந்தல்களையும் கண்மாய்களையும் நம்பி வாழும் மாவட்டத்தில் இதற்குமேல் கலை விமரிசனம் தேவையில்லை.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. ஏழடிப்பட்டத்தில் உள்ள கற்படுக்கைகள் 17. சிலவற்றில் தலையணை போலவே கல்லை உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். குடும்பச் சுற்றுலாவுக்கு நாம் பிடிக்கும் வேனிலும் இருக்கைகள் 17. இது தற்செயலாக இருக்கமுடியாது. உண்டபின் ஆளுக்கொரு படுக்கை என்ற திட்டமிடல் அன்றே இருந்திருக்கிறது. அதன் பயன்தான் இன்று தொல்லியல் துறையின் கம்பித் தடுப்புக்கு அப்பால் போய்விட்டது. டிரைவருக்கு ஏன் படுக்கை ஒதுக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அவர் எப்போதும் வண்டியிலேயேதான் படுப்பார்.