குறிஞ்சித் திணைக்குரிய டயர்

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வரிசைப்படுத்தினார் தொல்காப்பியர். டயர் அதில் இல்லை. ஆனால் வரிசையை முடிக்கும் இடத்தில், இவை போன்ற பிறவும் சேரும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கதவு வழியாக நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு உள்ளே வர உரையாசிரியர் எவருக்கும் தோன்றவில்லை. இக்கட்டுரை அந்த வேலையைச் செய்கிறது.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். அதாவது ஈரம், குளிர், இருட்டு. தலைவன் இந்த மூன்றும் கூடிய நேரம் பார்த்துத்தான் மலைவழியில் கிளம்புவான். வழியில் யானை நிற்கும், புலி திரியும், பாறை வழுக்கும், இரவில் வராதே என்று தோழி தலையில் அடித்துக்கொள்வாள். தமிழில் சாலைப் பாதுகாப்புக்கு முதல் குரல் கொடுத்தவள் அவளே என்க. கால் வழுக்குவதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் சக்கரத்துக்கும் பொருந்தும்.

ஆய்வுக்களம் நீலகிரி. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கத்தை நனைத்து முடித்ததும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தை எடுத்துக்கொள்ளும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான மழை 82 செ.மீ. மழை இல்லாத நாளில் மிஸ்ட். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழி என்றால் 36. ஒரு கார் டயருக்கு இதைவிடக் கடினமான தேர்வுக்கூடம் தமிழ்நாட்டில் கிடையாது.

இனி, இத்துறையில் முன்னோர் கொள்கைகள்.

முதலாவது, குலநெறி. "எங்கப்பா காலத்திலேர்ந்து எம்.ஆர்.எஃப். தாங்க" என்பது இதன் மூல வாக்கியம். எம்.ஆர்.எஃப். இடத்தில் வேறு பெயரையும் வைத்துக்கொள்ளலாம்; வாக்கியம் மாறாது. இந்நெறியாளர்கள் அப்பாவோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்பது விளங்கவில்லை. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை அந்த நிறுவனத்தைத் திருவொற்றியூரில் தொடங்கியபோது செய்தது பொம்மை பலூன்கள். தாத்தா காலத்து வழக்கத்தைக் கடைப்பிடித்தால் காருக்கு நான்கு பலூன்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, முடிநெறி. புது டயரின் மேல் சிலிர்த்து நிற்கும் ரப்பர் முடிகளைத் தடவிப் பார்த்து, முடி இருந்தால் நல்ல டயர் என்று முடிவுகட்டுவது. அந்த முடி, அச்சுக்குள் காற்று வெளியேற வைத்த துளைகளில் ரப்பர் புகுந்ததால் வந்தது. பிடிப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் கழன்று வரப் பூசும் பொருளின் மிச்சமும் மேலே இருப்பதால், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது டயர் கொஞ்சம் வழுக்கவே செய்யும். பூசை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நேரே பர்லியாறு வளைவுக்கு விரைபவர்கள் இதை மனத்தில் கொள்க.

மூன்றாவது நெறியே பெருநெறி. அதைப் பின்பற்றாதவர் மலையிலும் இல்லை, சமவெளியிலும் இல்லை. டயர்க் கடையில் நுழையும் எவரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?"

"அம்பதாயிரம் தாராளமா வரும்ங்க சார்."

கேட்டவருக்கு நிம்மதி, சொன்னவருக்கு வியாபாரம். எவ்வளவு ஓடும் என்பதை விசாரித்தாயிற்று. எங்கே நிற்கும் என்பதை இருவரும் பேசவில்லை. மலையிறக்கத்தில் மழை பெய்துகொண்டிருக்கையில், முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், அந்த அம்பதாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

பல டயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண்ணும், டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி ஆகியவற்றில் ஓர் எழுத்தும் பொறித்திருக்கும். அமெரிக்க வழக்கம் இது. எண் தேய்மானத்தைச் சொல்வது. ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால் 400 போட்ட டயர் நான்கு மடங்கு தாங்கும் என்று பொருள். எழுத்து, ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் அடித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்வது. மக்கள் எண்ணை மட்டும் படிக்கிறார்கள், எழுத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கான சோதனைத் தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மேற்கு டெக்சாஸில் சான் ஏஞ்சலோ என்னும் ஊரைச் சுற்றி. வறண்ட பூமி. அவலாஞ்சி மேகத்துக்குள் உருளப்போகும் டயருக்கு ஜாதகம் எழுதியது அந்த வெயிலில்!

டயர் செய்பவர்களிடையே ஒரு முக்கோணம் பேசப்படும்: குறைந்த தேய்மானம், எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு. ஒரு மூலையை இழுத்தால் மற்ற இரண்டும் சுருங்கும். 1992-ல் மிஷெலின் நிறுவனம் ரப்பரில் கார்பன் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைக் கலந்து டயர் கொண்டுவந்த பிறகு அந்த முக்கோணம் கொஞ்சம் பெரிதாயிற்று. ஆனாலும் முக்கோணமாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் ஈரப்பிடிப்புக்குத் தனி எழுத்து ஒட்டித்தான் விற்க வேண்டும். 2021-லிருந்து ஏ முதல் இ வரை. நம் வாடிக்கையாளர் முக்கோணத்தின் முதல் மூலையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம்: ஈரம் என்றால் ஆழமான பள்ளவரி இருந்தால் போதாதா, தண்ணீர் அதன் வழியே ஓடிவிடாதா? நல்ல கேள்வி, ஆனால் சமவெளிக் கேள்வி. நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, 1960-களில் நாசாவின் வால்டர் ஹோர்ன் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து ஒரு வாய்பாடு தந்தார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். காருக்கு வழக்கமான 32 பி.எஸ்.ஐ.யைப் போட்டால் ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகம். குன்னூர் மலைப்பாதையில் 94 போகக்கூடியவர் ஒருவரே. அவர் ஏற்கெனவே தடுப்புச்சுவரைத் தாண்டிவிட்டார்.

மலையில் வழுக்க வைப்பது ஆழமான தண்ணீர் அன்று, மெல்லிய அழுக்கு. லாரி சொட்டிய எண்ணெய், சரிவிலிருந்து இறங்கிய செம்மண் குழம்பு, அதன்மேல் படிந்த தைலமர இலை, எல்லாவற்றின்மேலும் மிஸ்ட் தடவிய நனைப்பு. கொட்டும் மழை இவற்றைக் கழுவிவிடும். முதல் தூறல் பிசைந்து வைக்கும். இங்கே வேலை செய்வது மென்மையான ரப்பரும், டயர் முகத்தின் ரப்பர்க் கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் மெல்லிய பிளவுகளும்தான். எனவே பிளவு நிறைந்த டயரே குறிஞ்சிக்கு உரியது. அகலமான பள்ளவரியும் பளபளப்பான விளம்பரமும் நெய்தல் நிலத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஆகும்.

மென்மை என்றதும் வயதைப் பேசியாக வேண்டும். ஊட்டியில் ஓய்வுபெற்ற பெரியவர்களின் வீட்டு ஷெட்டில், பழைய போர்வை போர்த்தி ஒரு கார் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்கும் மட்டும் வெளியே வரும். டயரில் பட்டை அப்படியே இருக்கும். சட்டம் கேட்கும் பள்ளவரி ஆழம் 1.6 மி.மீ.; இதில் தாராளமாக 6 இருக்கும். "பாருங்க, ஒண்ணுமே தேயலை" என்பார் பெரியவர். குனிந்து பக்கச்சுவரைப் பார்த்தால் கோடை ஏரியின் அடிமண் போல வெடிப்பு. நகத்தால் அழுத்தினால் பதியாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. 10 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பேரப்பிள்ளையின் பிறந்த தேதியை நட்சத்திரத்தோடு சொல்லும் பெரியவருக்கு இந்த நான்கு இலக்கம் மட்டும் தெரியாது. தள்ளுபடி விலைக்கு டயர் வாங்குகிறவரும் இந்த வட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு கிளை ஆய்வு. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 32 அடித்துக்கொண்டு ஒருவர் ஊட்டிக்கு ஏறுகிறார். அங்கே 15 டிகிரி. குளிரில் காற்று சுருங்கும் என்று படித்த ஞாபகத்தில், சேர்ந்ததும் பங்க்கைத் தேடுகிறார். கணக்கு வேறு சொல்கிறது. டயர் ஆறியதும் குளிர் ஏறக்குறைய 3 புள்ளியைக் குறைத்துவிடும், உண்மை. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 குறைவு; மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். ஆகவே அது மறுபடி 32-ஐக் காட்டும். குளிர் பறித்ததை மலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு நேர்மையான கொடுக்கல் வாங்கல் நீலகிரியில் வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் குளிர்காலத்துக்கென்றே ஐரோப்பாவில் விற்கும் டயரை வரவழைக்கலாமே எனின், அறியாது கூறினாய் என மறுக்க. அது 7 டிகிரிக்குக் கீழேதான் தன் பெருமையைக் காட்டும். தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் உறைபனி படியும் சில மணி நேரம் அதற்குப் போதாது. நீலகிரிக்காரர் மாதம் ஒருமுறையாவது கல்யாணம், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று கோயம்புத்தூர் இறங்கியே தீருவார். 38 டிகிரித் தார்ச்சாலையில் அந்த மென்ரப்பர் அழிரப்பராகிவிடும். ஒரு நிலத்துப் பொருள் இன்னொரு நிலத்தில் வந்து மயங்குவதைத் திணைமயக்கம் என்று ஏற்றவர்கள் நாம். இங்கே வேண்டியதும் திணைமயக்க டயர்தான்: நடுத்தரத் தேய்மான எண், ஈரப்பிடிப்பில் ஏ, பிளவு மிகுந்த முகம், ஒரு வருடத்துக்குள் பிறந்தது. சைஸை மட்டும் மாற்ற வேண்டாம்.

எஞ்சியிருப்பது ஒரே வழக்கு: இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியவை எங்கே? முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இழுப்பது, திரும்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னவற்றின் தலையில்; அதனால் அவையே முதலில் மொட்டையாகும். ஆகவே புதிய ஜோடி முன்னால் என்பது உலக வழக்கு. புதிய ஜோடி பின்னால் என்பது டயர் நிறுவனங்களின் வழக்கு. ஈரத்தில் முன்பக்கம் நழுவினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் மீளும். பின்பக்கம் நழுவினால் ஓட்டுநருக்குத் தெரிவதற்குள் வண்டி சுழன்று நிற்கும். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாவதால் மலைக்கு இது இன்னும் பொருந்தும்.

குன்னூர்க் கடையொன்றில் டாக்ஸி ஓட்டும் ஒருவரிடம் இக்கொள்கையை விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பின்னாடி ரெண்டு பேரும் சும்மா உருண்டுட்டு வர்றாங்க சார். உழைக்கிறவனுக்குப் பழசு, சும்மா வர்றவனுக்குப் புதுசுங்களா?"

கடைப்பையன் அதற்குள் முன்பக்கம் ஜாக்கி கொடுத்துவிட்டான். கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையை நீட்டி, "எதுக்குங்க தகராறு, நாலையும் மாத்திட்டா முடிஞ்சுதுங்களே" என்றார். இதுவரை ஆராய்ந்த கொள்கைகளில் தருக்கக் குற்றம் இல்லாதது இது ஒன்றே. டாக்ஸிக்காரர் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்துவிடச் சொன்னார்; அதில் காற்று இல்லை.