கேமரா மலிவு, தீனி?

கேள்வி: பழைய ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், யானைக்குத் தீனி போடத் தெம்பிருந்தால்! இன்று ஃபிலிம் விலை அப்படி. ஆனால் கேனான் என்றால் லென்ஸில் ஒரு வசதி உண்டு.

1987-இல் கேனான், பழைய எஃப்டி லென்ஸ்காரர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு இஎஃப் என்ற புதிய லென்ஸ் மவுண்ட்டுக்குத் தாவியது. அன்று வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அதே தாவல் இன்று வரம். 1990-இல் வந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், கேனானின் இஓஎஸ் 650 ஃபிலிம் கேமராவிலும் ஓடும், டிஜிட்டல் இஓஎஸ் எஸ்எல்ஆரிலும் ஓடும். மாமியார் வீட்டிலும் செல்லம், பிறந்த வீட்டிலும் செல்லம்!

காசு கொடுக்குமுன் பின்மூடியைத் திறந்து ஷட்டர் இதழ்களைப் பார்ப்பது நல்லது. அக்கால இஓஎஸ்களில் உள்ளிருக்கும் ரப்பர் உருகி, தார் போல் இதழ்களில் ஒட்டிக்கொள்ளும்.

650-க்கு 2சிஆர்5 பேட்டரி வேண்டும். பெட்டிக்கடையில் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார்.