போல்ட் ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம்

சிறுதொழில் ஷெட், குடோன் கட்டுவோர் கேள்விகள்

கேள்வி: ஆறாயிரம் சதுர அடியில் குடோன் கட்டப் போகிறேன். இன்ஜினீயர் தனி, கொத்தனார் தனி, ஷெட் போடுகிறவர் தனி என்று பிரித்துக் கொடுத்தால் மலிவு என்கிறார் மைத்துனர். டிசைன், கட்டுமானம் இரண்டையும் ஒரே ஆளிடம் விடலாமா? (விசைத்தறிக்காரர், பல்லடம்)

பதில்: மைத்துனர் சொல்வது கொட்டேஷன் வாங்கும் நாள் வரைக்கும் சரி. என் பட்டறையை நான் அப்படிப் பிரித்துக் கொடுத்துத்தான் கட்டினேன். அஸ்திவாரத்தில் பதித்த ஆங்கர் போல்ட்டுக்கும், லாரியில் வந்து இறங்கிய தூணின் பேஸ் பிளேட் துளைக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. கொத்தனார் டிராயிங் போட்டவரைக் காட்டினார். அவர் ஃபேப்ரிகேட்டரைக் காட்டினார். ஃபேப்ரிகேட்டர் கொத்தனாரைக் காட்டினார். மூவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. செலவு மட்டும் முழுதாக என் தலையில் விழுந்தது. ஒரே கையில் கொடுத்தால், அந்த ஒன்றரை அங்குலத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். கொடுங்கள்.

கேள்வி: டிசைன் போடுகிறவரே கட்டினால், அவரை யார் தட்டிக் கேட்பது? (உதிரிபாகத் தயாரிப்பாளர், ஓசூர்)

பதில்: நீங்கள்தான். அதற்கு உங்கள் கையில் ஒரு தாள் வேண்டும். டிசைன்-பில்ட் ஒப்பந்தங்களுக்கென்றே 1999இல் வந்த, ஃபிடிக் என்னும் சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மஞ்சள் புத்தகத்தில் 'உரிமையாளரின் தேவைகள்' தனி ஆவணமாகவே இருக்கிறது. பல கோடித் திட்டத்துக்கு அது நூறு பக்கம் என்றால் உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். ஆனால் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே அதை எழுதிவிட வேண்டும்.

எத்தனை சதுர அடி என்பது அதில் கடைசி வரி. உள்ளே என்ன நடக்கப்போகிறது என்பதுதான் முதல் வரி. எந்த மெஷின், எத்தனை டன், சரக்கை எவ்வளவு உயரம் அடுக்குவீர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓடுமா, வருவது டாடா ஏஸா, நாற்பதடி கண்டெய்னரா? கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் நாலரை மீட்டர் உயரம் வரை வரும். ஷட்டர் அதற்கு மேல் இருக்க வேண்டும், வண்டி திரும்ப முற்றமும் வேண்டும். கிரேனைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்து டன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும் கிரேன் சட்டென்று நிற்கும்போது தூணையே உலுக்கும். அந்த உலுக்கலுக்குக் கணக்குப் போடாத தூணில் பிற்பாடு பிராக்கெட் வெல்டிங் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூரைக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று. அவர் போடும் கணக்கை, அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: விலையைக் கிலோவுக்குப் பேசுவதா, சதுர அடிக்கா? (வார்ப்படத் தொழில், கோவை)

பதில்: கிலோவுக்குப் பேசினால் ஷெட் கனக்கும். சதுர அடிக்குப் பேசினால் மெலியும். மேலே சொன்ன தாளை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்து, மொத்தத் தொகைக்குப் பேசுங்கள்.

கேள்வி: சித்தப்பா கோவையில் கட்டிய ஷெட் பதினைந்து வருடமாகக் கல்லுப்போல் நிற்கிறது. அதே டிராயிங்கைச் சென்னையில் வைத்துக் கட்டினால் டிசைன் செலவு மிச்சம்தானே? (பிளாஸ்டிக் மோல்டிங், அம்பத்தூர்)

பதில்: சித்தப்பாவின் ஷெட் கோவைக் காற்றில் நிற்கிறது. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. பார்க்கப் பதினோரு மீட்டர்தான் கூடுதல். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 39ஐ 39ஆல் பெருக்கினால் 1521, 50ஐ 50ஆல் பெருக்கினால் 2500. ஒன்றரை மடங்குக்கும் மேல்.

புயலில் ஷீட் கூரையைப் பிய்ப்பது மேல்நோக்கி இழுக்கும் காற்று. ஷட்டர் திறந்து கிடந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து சேர்ந்து தள்ளும். கூரை எடை குறைவு. அதைப் பிடித்துவைப்பது போல்ட்டும் அஸ்திவாரத்தின் கனமும்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த மறுநாள் சென்னையில் ஷீட் பொறுக்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகவே டிசைன் போடுங்கள்.

அம்பத்தூர் என்பதால் கேளாத ஒன்றையும் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அக்கம்பக்கத்துச் சுவர்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரித்து, தரைமட்டத்தை அதற்கு மேல் வையுங்கள்.

கேள்வி: கூரை ஷீட் 0.50 எம்.எம். என்கிறார் கான்ட்ராக்டர். போதுமா? (பேக்கிங் தொழில், திருச்சி)

பதில்: பூச்சோடு சேர்த்து 0.50ஆ, இரும்பு மட்டும் 0.50ஆ என்று கேளுங்கள். கால்வால்யூம் என்றால் பூச்சு ஏ.இசட். 150ஆ என்றும் கேளுங்கள்: சதுர மீட்டருக்கு, இரு முகமும் சேர்த்து, 150 கிராம். இரண்டு பதிலையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மண் கரிசல். பக்கத்து குடோனில் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. (நூல் வியாபாரி, சூலூர்)

பதில்: கூரைக்கு ஐந்து கொட்டேஷன் வாங்குகிறோம், தரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. குடோனில் தினமும் அடிபடுவது தரை.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். அதன்மேல் நேராகக் கான்கிரீட் போட்டால், எத்தனை கம்பி கட்டினாலும் மண் ஆடும்போது தரையும் ஆடும். முதலில் சாயில் டெஸ்ட். அறிக்கை சொல்லும் ஆழத்துக்குக் கரிசலை அள்ளிவிட்டு, கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே ஒரு தடவை உருட்டுவது கண்துடைப்பு. பிறகுதான் கான்கிரீட், வேக்குவத்தில் உபரித் தண்ணீரை உறிஞ்சும் ட்ரைமிக்ஸ் தரையானால் நல்லது. கான்கிரீட் இறுகியதும், தானாக வெடிப்பு ஓடுவதற்குள், கட்டம் கட்டமாகக் கட்டர் போட்டுவிட வேண்டும். பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள் ஈரம் காயவிடக் கூடாது. கொட்டகைக்குள் வெயில் இல்லை என்று மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்துவார்கள். விடாதீர்கள்.

கேள்வி: வாஸ்து பார்க்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: பாருங்கள், டிராயிங் போடுவதற்கு முன்பு. தூண் நின்ற பிறகு ஷட்டரை வேறு பக்கம் மாற்றச் சொன்னால், அந்த இடத்துக் குறுக்குக் கம்பியை வெட்டிவிடுவார்கள். காற்றின் தள்ளலை அஸ்திவாரத்துக்கு இறக்குவது அந்த பிரேசிங்தான்.

கேள்வி: கட்டுமானத்துக்குக் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட்டில் திரும்புமா? (லேத் பட்டறை, கோவை)

பதில்: சொந்த ஷெட்டுக்கு வராது, சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. பட்ஜெட்டிலேயே அந்த 18ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கான அஸ்திவாரமும் தாங்கு அமைப்பும் மெஷினோடு சேர்ந்தவை. அவற்றுக்குக் கிரெடிட் உண்டு. ஒரே கான்ட்ராக்ட் என்பதற்காக ஒரே பில்லில் கலந்துவிடாமல் தனியாகப் போடச் சொல்லி, கையெழுத்திடும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கடைசித் தவணையை எப்போது கொடுப்பது? தை மாதம் சாவி தருகிறார். ஆறு மாதம் வாரன்டி என்கிறார். (ஸ்டீல் ஃபர்னிச்சர், ஈரோடு)

பதில்: தையில் தொடங்கி ஆறு மாதம் என்றால் ஆனியில் முடிந்துவிடும், நம் அடைமழையை அந்த வாரன்டி பார்க்கவே பார்க்காது. ஒரு வருடம் கேளுங்கள். தொகையில் ஐந்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை கழியும்வரை பிடித்துவையுங்கள். சாவி வாங்கும் நாளில், நடுப்பகலில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடத்துக்கெல்லாம் நேர்கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.